மகுடீஸ்வரிக்குப் ‘போல’ ஆகாது

மகுடீஸ்வரியை நல்லவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. பதினோரு வருடம் ஒரே கூடத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். கெட்டவர் இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நல்லவர் என்பதற்குப் போதுமான அளவு இல்லை. இப்படி யோசிக்கப் பழக்கியதும் அவர்தான்.

எங்கள் அலுவலகம் சரவணம்பட்டியில், ஒரு கட்டில் பீரோ கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அமெரிக்காவில் ஒருவருக்கு இருமல் வந்தால் அது எப்படியும் எங்கள் மேசைக்கு வந்து சேரும். அங்கே டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் போட்டு அனுப்ப வேண்டும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். விலங்கியல், மருந்தியல், நர்சிங் என்று எதையாவது படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கோயமுத்தூரில் கிடைக்கிற மரியாதையான வேலை. சொந்தக்காரர்கள் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

மகுடீஸ்வரி விலங்கியல் படித்தவர். அவருடைய பிரிவு நெஞ்சுக்கூடு. அதிலும் புற்றுநோய் அல்லாத, சாதுவான கட்டிகள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கட்டி என்றால் டி பதினேழு புள்ளி ஒன்று. அதே கொழுப்புக் கட்டி விலா எலும்பைத் தாண்டி உள்ளே இருந்தால் புள்ளி நான்கு. தமிழில் இரண்டுக்கும் ‘நெஞ்சுல கட்டி’ என்று சொல்லி ஊரைக் கூட்டிவிடலாம். மகுடீஸ்வரியிடம் அது நடக்காது. “உள்ளயா, வெளியயா? யார் பாத்தா? எங்க எழுதியிருக்குது?” என்று மூன்று கேள்வி வரும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளியின் சீட்டில் டாக்டர் ‘இருக்கலாம்’ என்றோ ‘போலத் தெரிகிறது’ என்றோ ‘ஒத்துப்போகிறது’ என்றோ எழுதினால் அந்த நோயை எடுக்கக் கூடாது. வீக்கம் தெரிந்தால் வீக்கம், வலி என்றால் வலி. அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் இந்த விதியைச் சாயங்காலம் கணினியோடு சேர்த்து அணைத்துவிட்டுப் போவோம். மகுடீஸ்வரி மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய கணவர் நாச்சிமுத்து கணபதி பகுதியில் கிரைண்டருக்குக் கல் கொத்தும் பட்டறை வைத்திருக்கிறார். வாய் நிறையப் பேசுகிறவர். “மழை வரும் போல இருக்குது மகுடு” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றால், உள்ளேயிருந்து பதில் வரும். “மேகம் இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. வந்தாப் பொறவு மழைன்னு சொல்லிக்கலாம்.”

எங்கள் தணிக்கையாளர் ரூபன் இன்னும் அனுபவப்பட்டவர். ஒருமுறை அவர் மகுடீஸ்வரியின் சீட்டு ஒன்றில் தவறு என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டார்.

“அக்கா, டாக்டர் கொழுப்புக் கட்டின்னு எழுதியிருக்காரு. நீங்க வெறும் வீக்கம்னு போட்டுருக்கீங்க.”

“முன்னால ஒரு சொல்லு இருக்குது பாரு தம்பி.”

“‘அநேகமா’ன்னு இருக்கு. ஒரு வார்த்தைதானக்கா?”

“உன்ற கல்யாணப் பத்திரிகையில மணமகன் பேருக்கு முன்னால ‘அநேகமா’ன்னு போட்டா விட்டுருவியா?”

ரூபன் சிவப்புக் கோட்டை அழித்தார். அவருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். கட்டி எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் அதற்கு எங்கள் புத்தகத்தில் இரண்டு தனித்தனி எண்கள் உண்டு. ஒன்று, வல்லவர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தும் முடிவுக்கு வர இயலாத கட்டி. அதற்கு ‘நிச்சயமில்லாதது’ என்று பெயர். மற்றொன்று, யாரும் எதையும் எழுதிவைக்காத கட்டி. அது ‘குறிப்பிடப்படாதது’. தேடியும் கிடைக்காத அறியாமை ஒன்று, கேட்காததால் வந்த அறியாமை ஒன்று. தத்துவப் புத்தகங்கள் பல பக்கம் எடுத்துக்கொள்ளும் இந்த வித்தியாசத்தைக் கோடிங் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. நான் படித்தவற்றில் அதிகம் மிகைப்படுத்தாத புத்தகம் அதுதான்.

போன தை மாதம் மகுடீஸ்வரியின் கொழுந்தன் அர்த்தநாரிக்குப் பெண் அமைந்தது. அர்த்தநாரி மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். பெண் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பெயர் கோகிலவாணி. பெண் பார்த்த அன்று ஐந்து நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “உங்க கம்பெனி மோட்டார்தானுங்க எங்க கெணத்துல இருக்குது, வாரத்துக்கு ரெண்டு தடவை நின்னுபோயிருது.” அர்த்தநாரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டான். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாய்மாமன் சென்னியப்பன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். காங்கேயத்தில் மாட்டுத் தரகர். திமிலையும் தாடையையும் தடவிப் பார்த்தே வயதும் வியாதியும் சொல்லிவிடுகிற கை. பருப்புஞ்சோறும் நெய்யும் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது பாசம் மேலிட்டு மாப்பிள்ளையை இழுத்து அணைத்து நெஞ்சில் தட்டினார். இரண்டாவது தட்டில் கை நின்றுவிட்டது.

“இதென்ன மாப்ளை, இங்க ஒண்ணு உருளுது?”

“அது ரெண்டு வருசமா இருக்குதுங்க மாமா. வலியெல்லாம் இல்லீங்க.”

“வலிக்காததுதான் எனக்கு வெசனம். மாட்டுக்கு இப்படி இருந்தா நான் கயித்தைத் தொட மாட்டேன்.”

“நான் மாடு இல்லீங்க மாமா.”

“மாடா இருந்தாப் பல்லைப் பாத்துட்டு நானே முடிவு சொல்லியிருப்பேன். நீங்க டாக்டரைப் பாருங்க.”

திங்கட்கிழமை காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். அதன் சீட்டில் டியூமர் என்ற வார்த்தை இருந்தது. கட்டி என்பதற்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் துக்கம் கேட்கப் பாயை உதறிப் போட்டுவிடுவார்கள். காந்திபுரத்தில் சர்ஜன் தண்டபாணி சீட்டைப் பார்த்தார், கட்டியை அழுத்திப் பார்த்தார், “கொழுப்புக் கட்டிப்பா, போய்க் கல்யாண வேலையைப் பாரு” என்றார். எழுதும்போது மட்டும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் லைப்போமா என்று எழுதிக் கொடுத்தார். லைப்போமா என்றால் கொழுப்புக் கட்டி. டாக்டர்கள் கேள்விக்குறியை முன்னாலேயே போட்டுவிடுவார்கள், கேள்வி பின்னால் வரும்.

கேள்வி அன்று சாயங்காலமே பேருந்து ஏறி வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் வேலை பார்க்கும் யாரோ யாருக்கோ சொல்லி, ‘மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ள டியூமராமா’ என்று காங்கேயம் வரை போயிருந்தது. சென்னியப்பன் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் வாயால் சொன்னதை நாச்சிமுத்து மூன்று முறை சொன்னார். சென்னியப்பன் அவரைப் பார்க்கவே இல்லை. தரகர்களுக்கு விற்பவன் சொல் காதில் விழாது.

“அம்மிணி, நீங்க இந்த வேலையில இருக்கறீங்க. நீங்க சொல்லுங்க. ஒண்ணும் இல்லைதானுங்க?”

ஒரு தலையசைப்புப் போதும். வீடே அதற்காகத்தான் காத்திருந்தது. மகுடீஸ்வரி சீட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

“கட்டி இருக்குதுங்க. என்ன கட்டின்னு இதுல எழுதலைங்க.”

“டாக்டர் சொன்னாராமா?”

“சொன்னாராமாங்க. நான் அங்க இல்லீங்க. இங்க கேள்விக்குறிதானுங்க இருக்குது.”

நாச்சிமுத்து இருமினார். உள்ளே மாமியார் காப்பிப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார்.

“நிச்சயமா ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மிணி. வெள்ளிக்கெழமை நிச்சயத்தை வெச்சுப்போட்டு நான் எந்த மொகத்தோட போய் நிக்கறது?”

“நிச்சயமாத் தெரிஞ்சாத்தானுங்க நிச்சயம்.”

சென்னியப்பன் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். “வெள்ளிக்கெழமைக்குள்ள காயிதம் வந்தா வாங்க. வரலைன்னா எங்களுக்குப் பல்லடத்துல ஒரு இடம் இருக்குது.” வாசலில் செருப்பைப் போடும்போது, கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் சேர்ந்த குரலில் சொன்னார்: “இந்த மாதிரி ஒரு ஆளு சந்தையில இருந்தா எங்க பொழப்பு போச்சு.”

அவர் போனதும் நாச்சிமுத்து கத்தினார்.

“ஏன் மகுடு, ஒரு பொய் சொன்னா உன்ற நாக்கு அழுகிப்போயிருமா?”

“பொய்யின்னாக்கூடச் சொல்லிருவேனுங்க. இது பொய்யும் இல்லை, நெசமும் இல்லை. போல.”

“போலதாண்டி குடும்பம்!”

அர்த்தநாரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். “அண்ணி, எனக்குக் கட்டியப் பத்திப் பயமே இல்லை. உங்களைப் பத்தித்தான்” என்றான். மகுடீஸ்வரி மறுநாளைக்கு லீவு கேட்டு ரூபனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். பதினோரு வருடத்தில் அவர் லீவு கேட்டது நான்காவது முறை. ரூபன், ‘உடம்பு சரியில்ல போலக்கா?’ என்று பதில் அனுப்பிவிட்டு, உடனே அதை அழித்தார்.

செவ்வாய்க்கிழமை ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். புதன் மதியம் முடிவு வந்தது. நாச்சிமுத்து பட்டறையைப் பூட்டிவிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு, முடிவை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பு மேசையில் வைத்தே மகுடீஸ்வரி படித்தார். ‘கொழுப்பு அணுக்கள் காணப்படுகின்றன. லைப்போமாவுடன் ஒத்துப்போகிறது.’

நாச்சிமுத்து லட்டு டப்பாவைத் திறந்தார்.

“மூடுங்க” என்றார் மகுடீஸ்வரி.

“ஏன்?”

“ஒத்துப்போகுதுன்னு எழுதியிருக்காங்க.”

“ஒத்துப்போனா நல்லதுதானே? நீயும் நானும் ஒரு நாளாச்சும் ஒத்துப்போயிருக்கறமா?”

“அதுவும் போலதானுங்க. எங்க ஆகாத சொல்லுப் பட்டியல்லயே இருக்குது.”

நாச்சிமுத்து எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பட்டியலில் அது இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அவர் டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மகுடீஸ்வரி அதன் மேல் ‘தொடாதே’ என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இப்படிச் சீட்டில் தெளிவில்லாவிட்டால் நாங்கள் டாக்டருக்குக் கேள்வித்தாள் அனுப்புவோம். அதற்கும் ஒரு முறை உண்டு. பதிலை டாக்டரின் வாயில் ஊட்டக் கூடாது. சாத்தியமான எல்லாப் பதில்களையும் கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ‘வேறு’ என்று ஒரு கட்டமும் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று ஒரு கட்டமும் கட்டாயம். அமெரிக்க டாக்டர்கள் இதற்குப் பழகியவர்கள். காந்திபுரத்து டாக்டருக்கு யாரும் இதுவரை அனுப்பியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மகுடீஸ்வரி ஒரு வெள்ளைத்தாளில் அடிக்கோலை வைத்து நான்கு கட்டம் போட்டார்.

வியாழக்கிழமை டோக்கன் நாற்பத்து மூன்று. அர்த்தநாரி சட்டையைக் கழற்றப் போனான். தண்டபாணி டாக்டர், “அதான் பாத்தாச்சேப்பா” என்றார். மகுடீஸ்வரி தாளை நீட்டினார்.

“என்னம்மா இது?”

“கேள்விங்க சார்.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “‘நோயாளியின் இடது மார்பில் உள்ள கட்டியைப் பற்றி உங்கள் மருத்துவ முடிவு என்ன?’ ஏம்மா, எனக்குப் பரீட்சையா? நாப்பது வருசம் ஆச்சு நான் பரீட்சை எழுதி.”

அர்த்தநாரியின் விரல் மெதுவாக நகர்ந்து முதல் கட்டத்தின் மேல் நின்றது. அதில் ‘தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புக் கட்டி, தீங்கற்றது’ என்று இருந்தது. மகுடீஸ்வரி அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டார்.

“கையை எடுங்க தம்பி. காட்டிக் குடுக்கக் கூடாது.”

டாக்டர் சிரித்துவிட்டார். “நீ எந்த ஆஸ்பத்திரியிலம்மா டாக்டர்?”

“டாக்டர் இல்லீங்க சார். கோடர்.”

“ஓ. அதான்.” பேனாவைத் திறந்தவர் அதை மேசையில் வைத்தார். “உண்மையைக் கேட்டா, வெட்டி எடுத்து முழுசாப் பாத்தாத்தான் நூத்துக்கு நூறு. அதுக்காக ஒரு நல்ல கட்டியைப் போய் வெட்டச் சொல்றயா?”

“நூத்துக்கு நூறு நான் கேக்கலைங்க சார். உங்க முடிவு என்னன்னுதான் கேக்கறேன். கேள்விக்குறி உங்க முடிவா, உங்க பழக்கமா?”

அறைக்கு வெளியே நாற்பத்து நான்காம் டோக்கன்காரர் எட்டிப் பார்த்தார். டாக்டர் தண்டபாணி தன் பழைய சீட்டை எடுத்துத் தான் போட்ட கேள்விக்குறியைப் பார்த்தார். அதை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நம் கையெழுத்தை நாம் யாரும் படிப்பதில்லை.

“பழக்கம்” என்றார். முதல் கட்டத்தில் டிக் போட்டார். கீழே கேள்விக்குறி இல்லாமல், எல்லாரும் படிக்கும்படியான எழுத்தில், ‘லைப்போமா. உள்ளே அல்ல’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். ‘உள்ளே அல்ல’ என்பதை யாரும் கேட்கவில்லை. அதை அவராகவே எழுதினார்.

வெளியே வந்ததும் மகுடீஸ்வரி ரூபனுக்கு மூன்று சொல் செய்தி அனுப்பினார்: ‘லட்டை எடுத்துக்கங்க எல்லாரும்.’ எண்ணிப் பார்த்தால் மூன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை பெண் வீட்டில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. காயிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேருக்கு நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சென்னியப்பன் தாளை வாங்கினார். டிக் போட்ட கட்டத்தை விட்டுவிட்டு, போடாத மூன்று கட்டங்களையும் நிதானமாகப் படித்தார்.

“இதுல ஏதாச்சும் போட்டிருந்தாலும் கொண்டுவந்து காட்டியிருப்பீங்களா அம்மிணி?”

“காட்டித்தானுங்க ஆகோணும்.”

“என்ற மாட்டுக்கெல்லாம் இப்படி ஒரு தாளு போட்டுத் தருவீங்களா?”

“மாட்டுக்கு எங்ககிட்டப் பொஸ்தகம் இல்லீங்க.”

தரகர் சிரித்தார். பெண்ணின் அப்பா சிரித்தார். நாச்சிமுத்துவுக்கு ஐந்து நாள் கழித்து மூச்சு வந்தது. வெற்றிலைத் தட்டு எடுக்க ஆள் உள்ளே போனது. நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. இத்தோடு முடிந்திருக்கும். நாச்சிமுத்து சும்மா இருக்காமல் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

“பொண்ணுக்கும் பூரண சம்மதந்தானுங்க?”

“சம்மதம் போலத்தானுங்க. ஒண்ணும் மறுத்துச் சொல்லலை” என்றார் சென்னியப்பன்.

மகுடீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

“போலன்னா? கேட்டீங்களா?”

“பொண்ணுகிட்டப் போய் என்னத்தைங்க கேக்கறது? மொகத்தைப் பாத்தாத் தெரியாதா?”

“அப்ப அது நிச்சயமில்லாததுகூட இல்லீங்க. குறிப்பிடப்படாதது. யாரும் கேக்கவே இல்லை.”

மகுடீஸ்வரி, சென்னியப்பன் கையிலிருந்த தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, அங்கேயே நான்கு கட்டம் போட்டார். சம்மதம். சம்மதமில்லை. வேறு. தீர்மானிக்க இயலவில்லை. நாச்சிமுத்து எட்டிப் பார்த்துவிட்டுக் காதோடு கெஞ்சினார். “நாலாவது எதுக்குடி?”

“அது இல்லாமக் கேட்டாச் செல்லாதுங்க.”

மருத்துவச் சீட்டில் கட்டியைக் கண்டும் கலங்காத அர்த்தநாரிக்கு இப்போது நெற்றியில் வேர்த்தது. தாள் உள்ளே போனது. பெண்ணின் அம்மா ஏதோ சொல்ல வந்தபோது மகுடீஸ்வரி, “பக்கத்துல யாரும் நிக்காதீங்க” என்று குரல் கொடுத்தார். பல்லடத்து இடம் ஒன்று இன்னும் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தாள் திரும்பி வந்தது. கோகிலவாணியே கொண்டுவந்து மகுடீஸ்வரியின் கையில் கொடுத்தாள். இரண்டு டிக் இருந்தன. முதல் கட்டத்தில் ஒன்று, மூன்றாவது கட்டத்தில் ஒன்று. ‘வேறு’ என்பதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘கெணத்து மோட்டாரை இன்னைக்கே பாத்துக் குடுக்கோணும்.’

“ரெண்டு போட்டா ஆகுமா அம்மிணி?” என்றார் சென்னியப்பன், இப்போது அவரும் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர் போல.

“ஆகுமுங்க. சம்மதம் முதன்மை. மோட்டார் துணைக் கோளாறு. ரெண்டையும் எழுதலாம்.”

நல்ல நேரத்துக்குள் தட்டை மாற்றினார்கள். பாயசம் பரிமாறும்போது மாப்பிள்ளையைக் காணவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அர்த்தநாரி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். பெண் கொஞ்சம் தள்ளி ஸ்குரூ டிரைவரோடு நின்றாள். சென்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு கத்தினார்.

“என்னங்க மாப்ளை, மோட்டார்ல என்ன கோளாறு?”

“காயில் போயிருச்சு போ…” என்று தொடங்கியவன், வரப்பில் வந்துகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தான்.

“கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க மாமா.”